பாட்டனைத் தேட எந்தக் காகிதத்தில் தொடங்குவது? கப்பல் பட்டியலா, எஸ்டேட் கோப்பா, நிலப் பத்திரமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில், கல்யாண வீடோ கருமாதியோ காவடி நாளோ, யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, எங்க தாத்தாவோட தாத்தா எந்த ஊர்லேருந்து வந்தாரு? கப்பல் லிஸ்ட்ல பேரைப் போட்டா அதே பேர்ல ஏகப்பட்ட பேர் வர்றாங்க. இதுல எங்க ஆளு யாரு?"

நாங்களும் அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களின் கப்பல் பட்டியலில் பேரும் வயதும் ஏறக்குறையப் பொருந்திய ஒருவரை எங்கள் கொள்ளுத்தாத்தா என்று முடிவு செய்தோம். பக்கத்தில் வடஆற்காடு ஜில்லாவில் ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. அப்பா எழுபது வயதில் விமானம் ஏறி அந்த ஊருக்குப் போய், அங்கே இருந்த மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, ஒரு பிடி மண் எடுத்துவந்து பூஜை அறையில் வைத்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் எஸ்டேட் கோப்பு ஒன்று, அதாவது இறந்தவரின் சொத்து, வாரிசு விவரம் உள்ள கோர்ட் கோப்பு, கைக்கு வந்தது. அதில் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் வேறாக இருந்தது. நாங்கள் கும்பிட்டது வேறொரு குடும்பத்தின் பாட்டனை.

அதனால் இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வந்ததிலிருந்து தேடாதீர்கள், செத்ததிலிருந்து தேடுங்கள். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் கீழே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காகிதத்தைத் தேடத் தொடங்க உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரே பெயருள்ள பத்துப் பேரிலிருந்து உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டுமா? ஊர்ப் பெயர் வரை கொண்டுபோகுமா? பெண்களைக் காட்டுமா? கடைசியாக, காசும் அலைச்சலும் எவ்வளவு?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்த பிறகு ஒரு மகன் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டான், இன்னொரு மகன் பிள்ளை, நாயுடு, மூட்லி, கவெண்டர் என்று பட்டத்தை வைத்துக்கொண்டான். கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறத்தான் செய்யும்.

| ஆவணம் | தொடங்க என்ன வேண்டும் | ஆளைப் பிரித்துக் காட்டுமா | ஊர் தெரியுமா |
|---|---|---|---|
| கப்பல் பட்டியல் | கிர்மிட் நம்பர் (கூலி ஒப்பந்தத்தில் வந்தவருக்குக் கொடுத்த எண்) | நம்பர் இருந்தால் உறுதியாக | பெரும்பாலும் தெரியும் |
| எஸ்டேட் கோப்பு | இறந்த ஆண்டு, இடம், மனைவி மக்கள் பெயர் | நன்றாக | சிலசமயம் |
| நிலப் பத்திரம் | நிலத்தின் சரியான விவரம் | ஓரளவு | அநேகமாக இல்லை |
| புகார், மாஜிஸ்திரேட் வழக்கு | அதிர்ஷ்டம், பொறுமை | நம்பரோடு இருந்தால் நன்றாக | அரிது |

## கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர் என்பது கணக்கு. ஆளுக்கு ஒரு வரி. நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பது வரை இருக்கும். எல்லா வரியும் முழுதாக இருக்காது. மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைத் தட்டச்சு செய்து தேடும் வசதியோடும் வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் கடைசியில் இங்கேதான் வர வேண்டும். இதற்கு ஈடான காகிதம் வேறு இல்லை. பெண்களுக்கும் இதுதான் நல்ல இடம். கப்பலில் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், கைக்குழந்தைக்கும்கூடத் தனி நம்பர். புருஷன் பெயருக்குப் பின்னால் மறையாமல் நம் ஆயா தன் தகப்பன் பெயரோடு நிற்பது இந்த ஒரு காகிதத்தில்தான்.

ஆனால் நம்பர் இல்லாமல் இதில் இறங்குவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. முனுசாமி என்ற பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா மூன்சாமி, முன்சாமி, மூனியசாமி என்று காதில் விழுந்தபடி எழுதினான். ஆறுமுகம் ஆர்மூகம் ஆனார், பெருமாள் பெர்மால் ஆனார், சுப்பிரமணி சூப்ரமனி ஆனார். ழகரம் வரும் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே முடியாது. நான் செய்வது இது: பெயரைத் தமிழில் எழுதி, வாய்விட்டு வேகமாகச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவரை எழுதச் சொல்வேன். வீட்டில் யாராவது மூன்று பேர் எழுதினால் மூன்று விதமாக எழுதுவார்கள். அந்த மூன்றையும் போட்டுத் தேட வேண்டும்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதையையும் இங்கே உரசிப் பார்க்கலாம். 1866 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகள் வருவது நின்றிருந்தது. "1870-ல் கிர்மிட்டில் வந்தார்" என்று ஆயா சொன்னால் ஆண்டு தவறு, அல்லது அவர் கிர்மிட்டில் வரவில்லை. இன்னொன்று கப்பல் பெயர். உம்லாசி, உம்சிண்டோ, பொங்கோலா என்ற பெயர்களில் கப்பல்களும் ஓடின, அதே பெயர்களில் இங்கே ஊரும் ஆறும் உண்டு. "தாத்தா உம்சிண்டோ" என்று வீட்டில் சொன்னால் அது வந்த கப்பலா, வேலை பார்த்த இடமா என்று கேளுங்கள். கப்பல்தான் என்றாலும், ஒரே கப்பல் பல தடவை வந்துபோயிருக்கிறது.

வெளியே தெரியாத ஒரு விலை இருக்கிறது. பட்டியலில் உள்ள சாதிப் பெயரும் இன்று குடும்பம் வைத்திருக்கும் பட்டமும் பொருந்தாமல் போகலாம். கடல் தாண்டி வந்தவர்கள் கிர்மிட் முடிந்ததும் புதுப் பட்டம் வைத்துக்கொண்டதுண்டு. எனக்கு அதில் எந்த வெட்கமும் தெரியவில்லை, அந்த மனிதர்களின் துணிச்சல்தான் தெரிகிறது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அந்த வரியைப் பார்த்துக் கலங்கிப்போனதைக் கண்டிருக்கிறேன். காட்டுவதற்கு முன்னால் யோசித்துக் காட்டுங்கள்.

இதில் முதலில் தொடங்கலாம் என்றால் யாருக்கு? நம்பர் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு. பழைய பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, கிர்மிட் முடிந்ததற்கான சான்று, எதிலாவது இருக்கும். 1891-ன் 25-ம் சட்டப்படி கல்யாணங்களை இந்தியக் குடியேறிகளின் புரொடெக்டர் (கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரி) ஆபீசில் பதிய வேண்டியிருந்ததால், அந்தப் பதிவில் நம்பர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆயாவின் தகரப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். இந்திய அரசு வெளிநாட்டு வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்காகத் தேடுபவர்களுக்கும் இந்த வரியின் நகல்தான் வேண்டியிருக்கும்.

கூலியாக வராமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிக் குடும்பமா? இந்தப் பட்டியலில் தேட வேண்டாம், இருக்கமாட்டார்கள். 1897-ன் குடியேற்றத் தடைச் சட்டத்துக்குப் பிறகு வாங்கிய டொமிசைல் சான்றுகளை, அதாவது இங்கே குடியிருப்பவர் என்பதற்கான சான்றுகளை, தேடுங்கள்.

## கோர்ட்டில் கிடக்கும் எஸ்டேட் கோப்பு

ஒருவர் இறந்தால் டெத் நோட்டீஸ் என்ற படிவத்தை நிரப்பி அன்றைய சுப்ரீம் கோர்ட்டில் இறந்தவர்களின் சொத்தைக் கவனித்த மாஸ்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கே பழைய சட்டம். இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. இறந்தவரின் பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், வயது, தொழில், மனைவி பெயர், பிள்ளைகள் எல்லோருடைய பெயர், அசையும் சொத்து, அசையாச் சொத்து, உயில் உண்டா இல்லையா எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். உயில் இருந்தால் கூடவே இருக்கும், சொத்துப் பட்டியலும் இருக்கும்.

என் கொள்ளுத்தாத்தாவின் கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் மேசைக்கு வந்தபோது, பழுப்பு அட்டைக்குள் ஏழெட்டுத் தாள்தான் இருந்தது. குண்டூசி துருப்பிடித்து முதல் தாளில் சிவப்பாக ஒரு கோடு. 1931-ல் இறந்திருக்கிறார். சொத்துப் பட்டியலில் ஒரு பசு, கன்று, இரண்டு கட்டில், ஒரு தையல் மெஷின், நான்கு பித்தளைக் குடம். உயிலின் அடியில் குமாஸ்தா அவர் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி, பக்கத்தில் 'இவர் கையெழுத்து' என்று குறித்திருந்தான். அந்தக் கையெழுத்து தமிழில் இருந்தது. தன் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரையும் முழுதாகப் போட்டிருந்தார். குமாஸ்தாவுக்கு எப்படிக் கேட்டதோ, அவர் தன்னை என்ன பெயரால் அறிந்திருந்தார் என்பது அந்த ஒரு வரியில் நின்றது. நான் அந்தத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. ஆனால் அந்தக் கால எழுத்து. புள்ளி வைக்கமாட்டார்கள், 'சின்னம்மாள்' என்பது 'சினனமமாள' என்று கிடக்கும். ணா, றா, னா, லை, ணை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் சுழித்திருக்கும். பழக்கமில்லாவிட்டால் ஒரு பழைய பஞ்சாங்கத்தைக் கொஞ்ச நாள் எழுத்துக்கூட்டிப் படியுங்கள், கண் பழகிவிடும்.

எப்படித் தேடுவது? தேசிய ஆவணக் காப்பகத்தின் கணினி அட்டவணையை நாய்ர்ஸ் என்பார்கள். இணையத்தில் இலவசம். அதில் குவாசுலு-நேட்டால் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டால் கோப்பின் எண்ணும் ஆண்டும் வரும். தாள் வராது, அதற்குக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான். ஃபேமிலிசர்ச் தளத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் கோப்புகள் 1950 வரை படமாகக் கிடக்கின்றன, முதலில் அங்கே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிந்திய கோப்புகள் காப்பகத்துக்கு வராமல் மாஸ்டர் ஆபீசிலேயே இருக்கும். அங்கே வரிசையில் நிற்க ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

குறை என்ன? படிவத்தை நிரப்பியவர் மகனோ மருமகனோதான். அவர் தாத்தாவைப் பார்த்தே இருக்கமாட்டார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறுமனே 'இந்தியா' அல்லது 'மெட்ராஸ்' என்று இருப்பது ரொம்ப சாதாரணம். தாய் தகப்பன் பெயர் காலியாகவும் இருக்கலாம். ஒன்றுமில்லாமல் கூலிகள் தங்கிய பேரக்ஸிலேயே செத்தவருக்குக் கோப்பே இல்லாமலும் போகலாம். கிர்மிட் காலத்திலேயே இறந்திருந்தால் மாஸ்டர் கோப்பை விட்டுவிட்டுப் புரொடெக்டர் ஆபீஸ் காகிதங்களைப் பாருங்கள்.

இவ்வளவு இருந்தும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் முதல் படி என்பேன். காரணம் எளிது. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் எப்போது எங்கே செத்தார், யார் யார் பிள்ளைகள் என்று யாராவது ஒரு பெரியம்மாவுக்காவது தெரியும். நமக்குத் தெரிந்ததை வைத்துத் திறக்கிற கதவு இது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பொருந்திவிட்டால், ஆள் இவர்தான் என்பதில் சந்தேகம் இருக்காது.

## நிலப் பத்திரம்

எஸ்டேட் கோப்பில் அசையாச் சொத்து என்று ஒரு வரி இருந்தால் அடுத்த கதவு திறக்கும். எங்களுக்கு டர்பனில் கிளேர்வுட் பகுதியில் அரை ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு இருந்திருக்கிறது. பத்திர எண் கோப்பிலேயே இருந்தது. இங்கே பத்திர ஆபீஸ் முறையில் ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு கிரயப் பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சொல்லும். ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக இறங்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர ஆபீசில் அப்படி இறங்கி, கொள்ளுத்தாத்தா அந்த நிலத்தை வாங்கிய 1908-ம் ஆண்டுப் பத்திரத்துக்கு வந்தேன். வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய கிர்மிட் நம்பர் இருந்தது. அந்த நம்பரைக் கப்பல் பட்டியலில் போட்டதும் ஒரே ஒரு வரி வந்தது. செங்கல்பட்டு ஜில்லா. தகப்பன் பெயர், உயிலில் அவர் தமிழில் எழுதிய அதே பெயர்.

எல்லாப் பத்திரத்திலும் நம்பர் இருக்காது. எங்களுக்குக் கிடைத்தது பாக்கியம்தான். இருந்தாலும் பத்திரம் சொல்லும் மற்ற விஷயங்கள் சும்மா இல்லை: யாரிடம் வாங்கினார், என்ன விலை, எவ்வளவு ஏக்கர், ரூட், பெர்ச், அடமானம் இருந்ததா. சர்வேயர் ஜெனரல் வரைபடங்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஓடை எந்தப் பக்கம் போனது, பக்கத்து நிலம் எது என்று பார்த்தால், தாத்தா காய்கறி போட்ட வரப்பு கண்ணில் தெரியும்.

கஷ்டங்கள் இரண்டு. ஒன்று, ஆள் பெயரை மட்டும் வைத்து இங்கே தொடங்குவது சிரமம். பழைய பண்ணையின் பெயர், லாட், சப்-டிவிஷன் என்று நிலத்தின் விவரம் தெரிந்தால்தான் வேகமாகப் போகும். நகலுக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு. ஏணியில் பத்துப் படி இறங்கினால் பத்து நகல்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. நம் தோட்டக்காரர்களில் நிறையப் பேருக்கு நிலம் சொந்தமே இல்லை. கேட்டோ மேனரிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் வெற்றிலையும் வாழையும் கீரையும் போட்டவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். சின்னக் குத்தகை பத்திர ஆபீசில் ஏறாது. முப்பது வருஷம் ஒரே மண்ணைக் கொத்தியவர் பெயர் அந்த ஆபீசில் ஒரு எழுத்துகூட இருக்காது. 'வெள்ளைக்காரன் சும்மா கொடுத்த நிலம்' என்று சில வீடுகளில் சொல்வார்கள். 1870-ன் சட்டம் திரும்பிப் போகும் கப்பல் டிக்கெட்டுக்குப் பதிலாக நிலம் தரலாம் என்றது உண்மை. ஆனால் கிடைத்தவர்கள் மிகச் சிலர், 1891-ல் அதுவும் போய்விட்டது. அந்தக் கதையை நம்பி அலைவதற்கு முன்னால் நன்றாக விசாரியுங்கள்.

நிலத்திலிருந்து தொடங்குவது யாருக்கு நல்லது? குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை இழந்த குடும்பங்களுக்கு. பழைய முகவரி உங்களுக்குத் தெரியும், பறித்துக்கொண்ட அரசின் காகிதங்கள் இருக்கும். 1994-ன் நில மீட்புச் சட்டத்தின் கீழ் 1998 டிசம்பர் 31-க்குள் யாராவது சித்தப்பா மனுப் போட்டிருந்தால், அந்தக் கோப்பில் பத்திர நகல், இறப்புப் படிவம், வாரிசுப் பட்டியல் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். புதிதாக அலைய வேண்டாம், அந்தச் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளைப் பிடியுங்கள்.

சொந்த நிலம் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கோயில் நிலங்கள் டிரஸ்டிகள் பெயரில் பதிவானதுண்டு. தாத்தா கோயில் கட்டினவர்களில் ஒருவர் என்று வீட்டில் பேச்சிருந்தால், அந்தக் கோயிலின் பத்திரத்தைப் பாருங்கள்.

## புகார், வழக்கு, அபராதம்

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் இரண்டு பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் ஆபீசுக்கு வந்தார். அவருடைய புகார் மாஜிஸ்திரேட்டிடமும் புரொடெக்டரிடமும் போனது. அவர் பெயர் நமக்குத் தெரியும். அதே மாதிரி அடிபட்டுப் புகார் கொடுத்த எத்தனையோ பேரின் வாக்குமூலம் புரொடெக்டர் ஆபீஸ் கோப்புகளில் அப்படியே கிடக்கிறது. 1895-ன் சட்டம் போட்ட மூன்று பவுன் வரியைக் கட்ட முடியாமல் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றவர்களும் உண்டு. இந்தக் காகிதங்களில் பெயரோடு நம்பரும் சேர்ந்தே வருவது வழக்கம். நாய்ர்ஸ் அட்டவணை வரியிலேயே சிலசமயம் நம்பர் இருக்கும்.

இங்கே தொடங்காதீர்கள். ஆனால் நம்பர் கிடைத்ததும் அதை நாய்ர்ஸில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளன் ஆங்கிலத்தில் எழுதியதுதான் என்றாலும், நம் பாட்டன் 'எனக்கு ரேஷன் குறைத்தார்கள்' என்று தன் வாயால் சொன்ன வார்த்தை வேறு எந்தக் காகிதத்திலும் கிடைக்காது.

## காசு கொடுத்து ஆள் வைப்பது

வேலை விட்டுப் போக முடியாதவர்கள், கேப் டவுனிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நாலு தடவை போய்வரும் செலவைக் கணக்குப் பார்த்தால் இது சில சமயம் மலிவாகவே முடியும்.

எங்களுக்கு அந்தத் தவறான கப்பல் வரியை எடுத்துக் கொடுத்ததும் காசு வாங்கிய ஒருவர்தான். அவர் ஏமாற்றவில்லை. பெயரும் வயதும் கொடுத்தோம், பொருந்திய வரியைக் கொடுத்தார். நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு. 'எந்த ஊர்' என்று கேட்காமல், 'இவருடைய எஸ்டேட் கோப்பைத் தேடுங்கள்' என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆள் வைத்தால் இரண்டு விஷயத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, இன்ன ஆள்தான் என்று சொன்னால் எந்த இரண்டு காகிதத்தை ஒட்டிச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். ஒரு காகிதம் போதாது. இன்னொன்று, தட்டச்சு செய்த குறிப்பு வேண்டாம், ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஓரங்களும் பின்பக்கமும் சேர்த்து. தாளின் அடியில் இருக்கும் அந்தத் தமிழ்க் கையெழுத்தின் சுழிப்பு, தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு வெறும் கிறுக்கல். குறிப்பில் அதை எழுதவே மாட்டார்.